வீட்டு ஹாலில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்த ஜெர்மானியர்: யார் இந்த கொன்ராட் சூசே?

சொந்தமாக ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்தவர்களுக்கு அந்தப் பதற்றம் தெரியும். மதர்போர்டைப் பொருத்தி, ப்ராசஸரை சாக்கெட்டில் உட்காரவைத்து, ரேமை சத்தம் வரும்வரை அழுத்தி, எல்லா கேபிளையும் சொருகிவிட்டு பவர் பட்டனில் விரல் வைக்கும் அந்த நொடி. ஆன் ஆகுமா, ஆகாதா?

இதே பதற்றத்தோடு 1930-களின் பெர்லினில் ஒரு இளைஞர் உட்கார்ந்திருந்தார். நமக்காவது கடையில் பாகங்கள் கிடைக்கின்றன, தெரியாததைச் சொல்லிக்கொடுக்க வீடியோக்கள் இருக்கின்றன. அவருக்கு இரண்டுமே கிடையாது. கம்ப்யூட்டர் என்ற பொருளே அப்போது உலகில் இல்லை. மெமரி, ப்ராசஸர் என ஒவ்வொன்றையும் அவரே யோசித்து, தகட்டை அறுத்து, கையால் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு அவர் பிடித்த இடம், அப்பா அம்மா குடியிருந்த வீட்டின் ஹால்.

அவர் பெயர் கொன்ராட் சூசே. செய்த மெஷினை ஒவ்வொரு பாகமாக அப்கிரேட் செய்துகொண்டே போனவர். போரில் மூன்று மெஷின்களை இழந்தவர், ஒன்றை மட்டும் லாரியில் ஏற்றிக் காப்பாற்றியவர். ஹிட்லரின் ஜெர்மனிக்காக வேலை செய்தவர் என்பதும் அவர் கதையில் உண்டு. அதையும் சேர்த்தே பார்ப்போம்.

படிப்பில் குழப்பம், கையில் திறமை

சூசே பிறந்தது 1910 ஜூன் 22, பெர்லினில். அப்பா தபால் துறை ஊழியர். வேலை மாற்றலால் குடும்பம் கிழக்கு பிரஷ்யாவின் பிரவுன்ஸ்பெர்க் நகருக்குப் போனது. இன்று அது போலந்தில் இருக்கிறது. பின்னர் ஹோயர்ஸ்வெர்டா. பள்ளிப் படிப்பை முடித்தது அங்கேதான்.

சிறுவயதிலிருந்தே அவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று ஓவியம், இன்னொன்று எதையாவது கட்டி எழுப்புவது. பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தபோதும் இந்த இழுபறி தீரவில்லை. முதலில் மெக்கானிக்கல் எடுத்தார், பிடிக்கவில்லை. ஆர்க்கிடெக்சருக்கு மாறினார், அதுவும் ஒட்டவில்லை. நடுவில் விளம்பரப் படங்கள் வரைந்துகூடப் பார்த்தார். கடைசியில் சிவில் இன்ஜினியரிங்கில் வந்து நின்று 1935-ல் பட்டம் வாங்கினார்.

கவனியுங்கள், அவர் எலக்ட்ரிக்கல் படித்தவர் அல்ல. கணித ஆராய்ச்சியாளரும் அல்ல.

அப்புறம் எதற்கு கணக்கு மெஷின்?

எல்லாம் எரிச்சலில் தொடங்கியதுதான்.

ஒரு பாலமோ கூரையோ எவ்வளவு பாரம் தாங்கும் என்று கண்டுபிடிக்க சிவில் இன்ஜினியர்கள் நிறைய சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். கட்டுமானம் சிக்கலாக ஆக, தெரியாத எண்களும் சமன்பாடுகளும் கூடிக்கொண்டே போகும். அன்று இதையெல்லாம் கையால், அல்லது மேசை மேல் வைக்கும் கணக்குக் கருவியால் போட்டார்கள். கட்டம் கட்டமாக அச்சடித்த படிவங்களில் ஒரு விடையை எழுதி, அதை அடுத்த கட்டத்துக்கு எடுத்துப் போய், மறுபடி கூட்டிப் பெருக்கி... ஒரு இடத்தில் தப்பினால் எல்லாமே போச்சு.

படிப்பு முடிந்ததும் சூசே ஹென்ஷெல் என்ற விமானத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயும் இதே கதை. விமான இறக்கையின் வலிமையைக் கணக்கிட நாள் முழுக்க ஒரே மாதிரி கூட்டல், பெருக்கல்.

அந்தப் படிவங்களைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒன்று உறைத்தது. இதில் மனிதர் செய்வது மூன்றே வேலை. எண்ணை ஓரிடத்திலிருந்து எடுப்பது, அதை வைத்து ஒரு கணக்குப் போடுவது, விடையை வேறிடத்தில் வைப்பது. எதற்கடுத்து எது என்ற வரிசையும் முன்கூட்டியே முடிவானது. அப்படியென்றால் எண்களை வைக்க ஒரு இடம், கணக்குப் போட ஒரு பகுதி, வரிசையைச் சொல்ல ஒரு பட்டியல் இருந்தால் போதும். மனிதர் எதற்கு?

இன்றைய சொல்லில் அவை மெமரி, ப்ராசஸர், புரோகிராம். நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் இதுபோல ஒரு மெஷினைத் திட்டமிட்டிருந்தார். சூசேவுக்கு அப்போது அது தெரியாது. எல்லாவற்றையும் அவர் தானாகவே யோசித்துக் கண்டடைந்தார்.

ஹாலில் வளர்ந்த இசட்-1

நிரந்தர வேலையை விட்டுவிட்டு வீட்டில் கணக்கு மெஷின் செய்யப் போகிறேன் என்று மகன் சொன்னால் எந்தப் பெற்றோர் சந்தோஷப்படுவார்கள்? சூசேயின் பெற்றோருக்கும் முழுச் சம்மதம் கிடையாது. ஆனாலும் ஹாலைக் கொடுத்தார்கள், பணமும் கொடுத்தார்கள். சகோதரி உதவினார், கல்லூரி நண்பர்கள் கையிலிருந்த காசைப் போட்டார்கள். காசு இல்லாத நண்பர்கள் உழைப்பைக் கொடுத்தார்கள்.

என்ன உழைப்பு? தகடு அறுப்பது. மெல்லிய உலோகத் தகடுகளை சிறு ரம்பத்தால் வரைபடப்படி ஆயிரக்கணக்கில் அறுத்துத் தள்ளினார்கள்.

கணக்குக் கருவிகள் தயாரித்துவந்த குர்ட் பான்கே என்பவரிடமும் சூசே போனார். கணக்கு மெஷின் துறையில் கண்டுபிடிக்க இனி எதுவும் இல்லை என்பது அவர் எண்ணம். ஆனாலும் வீட்டுக்கு வந்து பார்த்தார், மனம் மாறி உதவவும் செய்தார்.

1936-ல் தொடங்கிய வேலை 1938-ல் முடிந்தது. ஹாலின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நின்ற அந்த மெஷினைத்தான் இன்று இசட்-1 என்கிறோம். சூசே அப்போது வைத்த பெயர் வி-1, அதாவது சோதனை மாடல் 1. போரில் ஹிட்லரின் ஏவுகணைகளுக்கும் இதே பெயர் வந்துவிட, போருக்குப் பிறகு வி-யை இசட் என்று மாற்றிவிட்டார்கள். சூசே என்ற பெயரின் ஜெர்மன் முதலெழுத்து அது.

இசட்-1 உள்ளே என்ன இருந்தது?

எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. மெஷினை ஓட்ட ஒரு மின் மோட்டார், மற்றதெல்லாம் தகடுகளும் ஊசிகளும்தான். ஆனால் அதன் அமைப்பு நம் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஆச்சரியப்படும் அளவுக்கு நெருக்கமானது.

*பைனரி:* அன்றைய கணக்குக் கருவிகளில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பத்துப் பல் கொண்ட சக்கரம் இருக்கும். சூசே சக்கரத்தையே தூக்கிப் போட்டார். ஒரு தகட்டின் துளையில் ஒரு ஊசி. அது ஒரு பக்கம் இருந்தால் 0, மறுபக்கம் நகர்ந்தால் 1. இரண்டே நிலை என்பதால் செய்வது எளிது.

*மெமரி:* இப்படிப்பட்ட தகடுகளும் ஊசிகளும் அடுக்கடுக்காக. ஒவ்வொரு எண்ணுக்கும் 22 பிட்.

*ஃப்ளோட்டிங் பாயின்ட்:* கிராபிக்ஸ் கார்டு வாங்கும்போது டெராஃப்ளாப்ஸ் என்று பார்க்கிறோமே, அதிலுள்ள ஃப்ளோ இதுதான். 4,50,00,000 என்று முழுசாக எழுதாமல் 4.5 பெருக்கல் 10-ன் 7-வது அடுக்கு என்று சுருக்கி எழுதுவோம் இல்லையா? எண்ணை அப்படி இரண்டு துண்டாக வைத்துக்கொண்டால் மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் ஒரே அளவு இடத்தில் அடக்கலாம். சூசே இதையே 2-ன் அடுக்குகளில் செய்தார். 22 பிட்டில் ஒன்று கூட்டலா கழித்தலா என்ற குறிக்கு, 7 அடுக்குக்கு, 14 எண்ணுக்கு.

*புரோகிராம்:* பயன்படுத்தித் தூக்கிப் போட்ட 35 மி.மீ. சினிமா பிலிம். அதில் துளையிட்டுக் கட்டளைகளைப் பதிவு செய்தார். பிலிம் ஓட ஓட மெஷின் ஒவ்வொரு கட்டளையாகப் படித்துச் செய்யும்.

வேகம்? நொடிக்குச் சுமார் ஒரு சுற்று. அதாவது 1 ஹெர்ட்ஸ். இன்றைய ப்ராசஸர்களின் கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு நூறு கோடிச் சுற்று.

சரி, இசட்-1 ஒழுங்காக ஓடியதா? உண்மையைச் சொன்னால், இல்லை. மெமரி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கணக்குப் போடும் பகுதியில் தகடுகள் அடிக்கடி சிக்கிக்கொண்டன. கையால் அறுத்த தகடுகளில் மயிரிழை அளவு பிசகு இருந்தாலும் ஒன்றோடு ஒன்று மோதி நின்றுவிடும். யோசனை சரி, பாகம் சொதப்பல்.

பழைய மெமரி, புது ப்ராசஸர்

இங்கேதான் சூசே நம்மில் ஒருவராகத் தெரிகிறார். மெஷின் ஸ்லோ என்றால் முழு கம்ப்யூட்டரையும் குப்பையில் போடுவோமா? எங்கே பிரச்சினை என்று பார்த்து அந்தப் பாகத்தை மட்டும் மாற்றுவோம். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதுபோல.

நண்பர் ஹெல்முட் ஷ்ரேயர் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். தகடுகளுக்குப் பதில் ரேடியோவில் இருக்கும் வால்வுகளைப் போடலாமே என்று யோசனை சொன்னார். அருமையான யோசனைதான். ஆனால் அவர்களுக்கு ஆயிரக்கணக்கான வால்வுகள் கிடைக்க வழியில்லை. அதனால் சூசே நடுவழியைத் தேர்ந்தெடுத்தார்: டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் இருக்கும் ரிலே. மின்சாரம் போனால் காந்தம் இழுத்து இணைப்பை மூடும், நின்றால் திறக்கும். இதுவும் இரண்டே நிலை, 0 அல்லது 1. பழைய ரிலேக்கள் மலிவாகவும் கிடைத்தன.

இசட்-2 இப்படித்தான் உருவானது. சிக்கிக்கொண்டிருந்த கணக்குப் பகுதிக்குப் பதில் ரிலேக்கள். நன்றாக வேலை செய்த தகட்டு மெமரி அப்படியே தொடர்ந்தது. முழு மெஷினையும் ரிலேயில் செய்வதற்கு முன் ரிலே சரிப்பட்டு வருமா என்று பார்ப்பதுதான் நோக்கம். அதனால் ஃப்ளோட்டிங் பாயின்ட்டைக்கூட விட்டுவிட்டு எளிமையாகச் செய்தார்.

நடுவில் போர் வந்துவிட்டது. 1939-ல் சூசேயை ராணுவத்துக்கு அழைத்தார்கள். விமானங்களுக்குப் பயன்படும் முக்கியமான மெஷின் ஒன்றைச் செய்கிறார், விடுவியுங்கள் என்று பான்கே எழுதினார். ஜெர்மன் விமானப்படையில் ஏற்கெனவே எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, இனி கணக்குப் போட என்ன இருக்கிறது என்று ராணுவ அதிகாரி கைவிரித்துவிட்டார். சில மாதங்கள் கழித்து சூசே விடுவிக்கப்பட்டது கம்ப்யூட்டருக்காக அல்ல. ஹென்ஷெல் தொழிற்சாலைக்கு அவர் இன்ஜினியராகத் தேவைப்பட்டார், அதனால்.

1940-ல் இசட்-2-ஐ ஜெர்மன் விமான ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் காட்டினார். அடுத்த மாடலுக்கு அவர்கள் பண உதவி செய்ய ஒப்புக்கொண்டார்கள்.

1941 மே 12: இசட்-3 ஓடியது

பெர்லினின் மெத்ஃபெசல் தெருவில் இருந்த பட்டறையில், 1941 மே 12 அன்று விஞ்ஞானிகள் சிலர் முன்னிலையில் சூசே இசட்-3-ஐ இயக்கிக் காட்டினார்.

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரிலேக்கள். மெமரி, கணக்குப் பகுதி இரண்டுமே ரிலே. 22 பிட் கொண்ட 64 எண்களை நினைவில் வைக்கும். கூட்டலுக்கு ஒரு நொடிகூட ஆகாது, பெருக்கலுக்குச் சுமார் 3 நொடி. கீபோர்டில் சாதாரண எண்களைத் தட்டினால் போதும், பைனரிக்கு மாற்றுவதையும் விடையைத் திரும்பச் சாதாரண எண்ணாக்கி விளக்குகளில் காட்டுவதையும் மெஷினே பார்த்துக்கொள்ளும்.

புரோகிராம் மூலம் இயங்கி, முழுக்கத் தானாகக் கணக்குப் போட்டு, நிஜமாகவே வேலை செய்த உலகின் முதல் கம்ப்யூட்டர் என்று இசட்-3-ஐத்தான் பலரும் சொல்கிறார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு மார்க் 1 வந்தது 1944-ல்.

ஒரு பெரிய குறை இருந்தது. இது நடந்தால் அதைச் செய், இல்லையென்றால் வேறு செய் என்று சொல்லும் வசதி கிடையாது. புரோகிராமிங் தெரிந்தவர்களுக்குச் சொன்னால், இஃப் இல்லை. பிலிமில் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில்தான் ஓடும்.

ஷ்ரேயர் தன் வால்வு யோசனையை விடவில்லை. சுமார் 2,000 வால்வுகளில் ஒரு கம்ப்யூட்டர் செய்யத் திட்டம் கொடுத்தார். முடிக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று அதிகாரிகள் கேட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் என்றதும் ஃபைலை மூடிவிட்டார்கள். அதற்குள் போரை ஜெயித்துவிடுவோம் என்ற நம்பிக்கை.

கசப்பான பக்கம்

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

சூசே நாஜிக் கட்சியில் சேரவில்லை. ஆனால் நாஜி அரசின் ஆயுதத் தயாரிப்புக்கு நேரடியாக வேலை செய்தார். ஹென்ஷெல் தொழிற்சாலையில் விமானத்திலிருந்து ஏவி ரேடியோ மூலம் வழிநடத்தும் சறுக்குக் குண்டுகள் தயாரிக்கப்பட்டன. எச்எஸ் 293 என்பது அதன் பெயர். அந்தக் குண்டுகளின் இறக்கைகள் ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். அதை அளந்து, எவ்வளவு திருத்த வேண்டும் என்று கணக்கிட வேண்டும். இதற்காகவே சூசே எஸ்-1 என்ற மெஷினைச் செய்துகொடுத்தார்.

அடுத்து வந்த எஸ்-2 இன்னும் ஒரு படி மேல். சுமார் நூறு அளவுக் கருவிகளின் அளவுகளை மனிதர் தட்டச்சு செய்யாமல் மெஷினே படித்துக்கொண்டது. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினிகளின் முன்னோடி என்று தொழில்நுட்ப வரலாறு இதைப் பாராட்டுகிறது. அதே குண்டுகள் கப்பல்களை மூழ்கடித்தன, அதில் மனிதர்கள் செத்தார்கள் என்பதும் வரலாறுதான்.

நல்ல இன்ஜினியர்களுக்குப் பல சமயம் இரண்டே வழிதான் இருக்கிறது, தகாதவர்களோடு கைகோத்து வேலை செய்வது அல்லது வேலையே செய்யாமல் இருப்பது என்பது பிற்காலத்தில் சூசே சொன்ன விளக்கம். இதை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் முடிவு. ஆனால் அவரை வெறும் ஹால் மேதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிக் கதையை மறைத்ததாக ஆகிவிடும்.

லாரியில் தப்பிய இசட்-4

போர் அவரையும் விட்டுவைக்கவில்லை. 1943 டிசம்பரில் நடந்த குண்டுவீச்சில் இசட்-3 நொறுங்கியது. போரின் குண்டுகளில் இசட்-1 அழிந்தது, அதன் வரைபடங்களும் போயின. இசட்-2 கூட மிஞ்சவில்லை.

கையில் இருந்தது, பாதியில் நின்ற இசட்-4 மட்டும். இதில் ஒரு சுவாரஸ்யம். கணக்குப் பகுதி ரிலே, ஆனால் மெமரிக்கு மறுபடி பழைய தகடுகள். ஏன் இந்தத் தலைகீழ் மாற்றம்? இம்முறை ஒரு எண்ணுக்கு 32 பிட். அத்தனைக்கும் ரிலே போட்டால் செலவும் இடமும் தாங்காது. தகட்டு மெமரி மெதுவானதுதான், ஆனால் கச்சிதமானது, மலிவானது, முதல் நாளிலிருந்தே ஒழுங்காக ஓடியதும் அதுதான். புதுசு எல்லாம் நல்லது என்று அவர் நினைக்கவில்லை. பட்ஜெட்டுக்குள் எந்த பாகத்தில் காசைப் போட வேண்டும் என்று யோசித்தார்.

1945 தொடக்கத்தில் சோவியத் படைகள் பெர்லினை நெருங்கின. அந்த ஜனவரியில்தான் சூசேவுக்கும் கீசெலாவுக்கும் திருமணம் நடந்திருந்தது. இசட்-4-ஐப் பிரித்து ஏற்றிக்கொண்டு முதலில் கோட்டிங்கன் நகருக்குப் போனார்கள். அங்கே மெஷினை ஓடவைத்துக் காட்டினார்.

அடுத்து வந்த உத்தரவு, ஹார்ட்ஸ் மலைப்பகுதியின் சுரங்கத் தொழிற்சாலைக்கு மெஷினைக் கொண்டுபோ என்பது. வதைமுகாம் கைதிகளை வைத்து ராக்கெட் செய்துகொண்டிருந்த இடம் அது. அங்கிருந்த நிலைமையைப் பார்த்த சூசே மெஷினை அங்கே வைக்க விரும்பவில்லை. தெற்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தை நோக்கிப் புறப்பட்டார். மெஷினின் அப்போதைய பெயர் வி-4. ஏதோ ரகசிய ஆயுதம் என்று அதிகாரிகள் நினைத்துக்கொண்டதால் அந்த நெருக்கடியிலும் வண்டி கிடைத்தது.

கடைசியில் ஹின்டர்ஸ்டைன் என்ற மலைக்கிராமத்தில் மெஷினை ஒளித்துவைத்தார்கள். பிறகு அருகிலுள்ள ஹோப்ஃபெராவ் கிராமத்துக்கு மாற்றினார்கள். உலகத்தரமான கம்ப்யூட்டர் கையில் இருக்கிறது, சாப்பாட்டுக்குத்தான் வழியில்லை. சூசே மரத்தில் செதுக்கி அச்செடுத்த படங்களை விவசாயிகளுக்கும் அமெரிக்க வீரர்களுக்கும் விற்றுக் குடும்பத்தை ஓட்டினார். சிறுவயது ஓவியப் பைத்தியம் சோறு போட்ட காலம் அது.

சூரிச்சிலிருந்து வந்த பேராசிரியர்

1949-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து எடுவார்ட் ஷ்டீஃபெல் என்ற கணிதப் பேராசிரியர் ஹோப்ஃபெராவுக்கு வந்தார். கிராமத்தில் ஒரு ஆள் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாராம் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தார்.

வந்தவர் ஒரு கணக்கைச் சொன்னார். சூசே அங்கேயே அதற்கு புரோகிராம் எழுதி, துளையிட்டு, ஓடவிட்டார். விடை சரியாக வந்தது. மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று பேராசிரியர் முடிவு செய்துவிட்டார். ஒரு வேண்டுகோளும் வைத்தார்: நிபந்தனை பார்த்து வழி மாறும் வசதி வேண்டும். ஆமாம், அந்த இஃப்தான். சூசே அதைச் சேர்த்துக் கொடுத்தார்.

1950-ல் சூரிச் போன இசட்-4 அங்கே 1955 வரை ஓடியது. அந்த நேரத்தில் ஐரோப்பியக் கண்டத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்கள் அபூர்வம். இரவில் ஆள் இல்லாமலேயே ஓடவிட்டுவிட்டுப் போகும் அளவுக்கு அதன்மேல் நம்பிக்கை இருந்தது. பிறகு பிரான்சில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஓய்வு பெற்றது. இன்று மியூனிக்கின் ஜெர்மன் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்.

கம்பெனியும் போனது, பேட்டன்ட்டும் போனது

1949-ல் சூசே சொந்தக் கம்பெனி தொடங்கினார். பெயர் சூசே கேஜி. வால்வு வைத்த இசட்-22, டிரான்சிஸ்டர் வைத்த இசட்-23, கம்ப்யூட்டர் சொல்வதைப் பேனாவால் வரையும் கிராபோமேட் இசட்-64 என வரிசையாக வந்தன. கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் வாங்கின. மொத்தம் 251 கம்ப்யூட்டர்கள் செய்தார்கள்.

ஆனால் புதுப் புது மாடல் கொண்டுவரச் செலவு எகிறியது. பெரிய கம்பெனிகளோடு போட்டி போட முடியவில்லை. 1964-ல் கம்பெனி பிரௌன் போவெரி நிறுவனத்தின் கைக்குப் போனது, 1967-ல் சீமென்ஸ் உள்ளே வந்தது. அவர் பெயரில் இருந்த கம்பெனி அவருடையதாக இல்லை.

அதே 1967-ல் இன்னொரு அடி. இசட்-3-க்காக 1941-ல் போட்ட பேட்டன்ட் விண்ணப்பம் போர், எதிர்ப்பு மனுக்கள், மேல்முறையீடு என்று 26 ஆண்டுகள் இழுத்துக்கொண்டிருந்தது. ஜெர்மன் பேட்டன்ட் நீதிமன்றம் கடைசியாகத் தீர்ப்புச் சொன்னது: மறுக்கப்படுகிறது. மெஷின் புதியது, முன்னேற்றமானது என்பதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பேட்டன்ட் தரும் அளவுக்கு அதில் கண்டுபிடிப்பின் உயரம் இல்லையாம். விண்ணப்பித்தபோது யாருக்கும் புரியவில்லை, தீர்ப்பு வந்தபோது எல்லாருக்கும் அது சாதாரணமாகிவிட்டிருந்தது.

போர்க்காலத்தில் அவர் பிளான்கால்குல் என்ற புரோகிராமிங் மொழியையும் வடிவமைத்திருந்தார். செஸ் விளையாட்டின் விதிகளைக்கூட அதில் எழுதிப் பார்த்தார். முழுமையாக அச்சில் வந்தது 1972-ல்தான். அதற்குள் உலகம் ஃபோர்ட்ரான், கோபால் என்று வெகுதூரம் போய்விட்டது.

70 வயதுக்கு மேல் மறுபடி அசெம்பிள்

இவ்வளவு இழந்தவர் என்ன செய்வார்? சூசே ஓவியத்துக்குத் திரும்பினார், நிறைய வரைந்தார். 1969-ல், இந்தப் பிரபஞ்சமே ஒரு கம்ப்யூட்டர்போல இயங்குகிறதோ என்று கேட்கும் ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

அதோடு நிற்கவில்லை. 1980-களின் நடுவில், எழுபது வயதைத் தாண்டியபின், அழிந்துபோன இசட்-1-ஐ மறுபடி செய்யப் போகிறேன் என்று இறங்கினார். பழைய வரைபடம் இல்லை. சில புகைப்படங்களும் அவர் நினைவும்தான். ஆயிரக்கணக்கான பாகங்களைப் புதிதாக வரைந்தார். நடுவில் மாரடைப்பு வந்தது, மீண்டு வந்து தொடர்ந்தார். 1989-ல் மெஷின் முடிந்தது. பெர்லின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் நிற்கிறது, ஏறக்குறைய ஒரு டன் எடை.

இன்னும் கேளுங்கள். ஐம்பது ஆண்டுக்கு முன் ஹாலில் செய்தது அடிக்கடி சிக்கியது இல்லையா? நவீன இயந்திரங்களில் வெட்டிய தகடுகளை வைத்துச் செய்த இந்தப் புதிய இசட்-1-ம் அவ்வப்போது மக்கர் செய்தது. சில பில்டுகள் அப்படித்தான்.

1995 டிசம்பர் 18 அன்று, தன் 85-வது வயதில் ஹ்யூன்ஃபெல்டு நகரில் சூசே காலமானார்.

அப்போ முதல் கம்ப்யூட்டர் எதுதான்?

எதை கம்ப்யூட்டர் என்று சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. சுருக்கமாக:

- புரோகிராமில் இயங்கி, தானாகக் கணக்குப் போட்டு, நிஜமாக வேலை செய்ததா? இசட்-3, 1941.
- வால்வுகளால், அதாவது எலக்ட்ரானிக் முறையில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்ததா? அமெரிக்காவின் அட்டனசாஃப்-பெர்ரி மெஷினும், ரகசியச் செய்திகளை உடைத்த இங்கிலாந்தின் கொலாசஸும்.
- எலக்ட்ரானிக், அதோடு எல்லா வகைக் கணக்குக்கும் ஏற்றதா? அமெரிக்காவின் எனியாக். 1946-ல் உலகுக்கு அறிமுகமானது.

போரால் துண்டுபட்டிருந்ததால் சூசேவுக்கும் மற்றவர்களுக்கும் தொடர்பே இருக்கவில்லை. இன்றைய கம்ப்யூட்டரின் நேரடிப் பரம்பரை எனியாக் பக்கத்திலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. சூசே தனி ஆளாக, வேறு பாதையில், கிட்டத்தட்ட அதே இடத்துக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருந்தார்.

அடுத்த முறை கேபினெட்டைத் திறக்கும்போது ஒரு நிமிடம் உள்ளே பாருங்கள். மெமரி தனி, ப்ராசஸர் தனி. ஒன்றை மாற்றினாலும் மற்றது அப்படியே இருக்கும். இப்படிப் பிரித்து வைத்தால்தான் பழுதான பாகத்தை மட்டும் கழற்ற முடியும் என்பதை, பெர்லினில் ஒரு வீட்டு ஹாலில், சிக்கிக்கொண்ட தகடுகளோடு மல்லுக்கட்டியே சூசே கண்டுகொண்டார். தான் செய்த பாகங்களைப் பிரித்துப் பார்த்த அளவுக்கு, அவை யார் கைக்குப் போகின்றன என்பதை அவர் பார்த்தாரா? இசட்-3-ஐப் பற்றிப் பேசும்போதெல்லாம் எஸ்-1-ஐயும் சேர்த்துப் பேசுவது அதனால்தான்.